உதைபந்தாட்ட இறுதிப்போட்டிக்காகக் கடையை நேரத்தோடு பூட்டுவது எப்படி? வன்னிக் கடைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 டிசம்பர் 18. ஆர்ஜென்டினாவுக்கும் பிரான்சுக்கும் உலகக்கிண்ண இறுதிப்போட்டி. நமது நேரப்படி இரவு 8.30க்குத் தொடக்கம். எங்கள் பலசரக்குக் கடை வழக்கமாக ஒன்பது மணிக்குப் பூட்டும். அரை மணித்தியால இடைவெளிதானே என்று நான் ஒன்றும் யோசிக்கவில்லை. எட்டு மணியிலிருந்தே தராசில் நின்ற தம்பி அரைக்கிலோ பருப்புக் கேட்டவருக்கு ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எட்டரைக்குப் பார்த்தால் கடைக்குள் நானும் கணக்கெழுதும் பிள்ளையும் மட்டுமே. மற்ற நால்வரும் எதிரே தேநீர்க்கடையில், தொலைக்காட்சிக்குக் கீழே. கத்தி, கூப்பிட்டு, முகம் சிவந்து, ஒன்பது மணிக்கு ஷட்டரை இழுத்தேன். லாச்சியில் 3,400 ரூபா குறைந்தது. எங்கே குறைந்தது என்று நான் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிரான்சின் எம்பாப்பே 80ஆவது நிமிடத்தில் ஒன்றும் 81ஆவது நிமிடத்தில் இன்னொன்றும் அடித்தார். ஊரே கத்தியது. எனக்கு ஒரு கோலும் பார்க்கக் கிடைக்கவில்லை.

பிழை பிள்ளைகளுடையதல்ல. பாதி திறந்து பாதி பூட்டிய கடை நடத்தியது நான். அதிலிருந்து படித்ததையும், பிறகு சில போட்டிகளுக்கு ஒழுங்காகச் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எங்கே கடை வைத்திருந்தாலும் இது பொருந்தும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: போட்டி எத்தனை மணிக்கு, எந்த நாளில்?

இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 2018 மொஸ்கோ இறுதிப்போட்டியும் 2022 கட்டார் இறுதிப்போட்டியும் நமக்கு இரவு 8.30. அந்தப் பழக்கத்தில் எல்லா உலகக்கிண்ணமும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும் என்று நினைத்துவிடுகிறோம். 2014இல் பிரேசிலில் நடந்தபோது இறுதிப்போட்டி நமக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. 2026 போட்டிகள் ஐக்கிய அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளில் நடப்பதால் கணக்கு மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது. இறுதிப்போட்டி நியூ ஜேர்சியில் ஜூலை 19 ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு அது ஜூலை 20 திங்கள், அதிகாலை 12.30. அரையிறுதிகளும் அப்படியே: ஜூலை 15 புதன் அதிகாலை 12.30, ஜூலை 16 வியாழன் அதிகாலை 12.30.

“ஜூலை 20 போட்டி” என்று சுவரில் எழுதினால் பாதிப்பேர் திங்கள் இரவுக்குத்தான் ஆயத்தமாவார்கள். “ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு இருந்தால் போட்டி” என்று எழுதுங்கள். ஒருவரும் பிழைவிட மாட்டார்கள்.

இந்த நேரக்கணக்கு போட்டவுடன் கேள்வியே மாறிவிடும். இரவு 8.30 போட்டி என்றால் கடையை நேரத்தோடு பூட்ட வேண்டும். நள்ளிரவு 12.30 போட்டி என்றால் ஒன்பது மணிக்குப் பூட்டினாலும் எல்லாரும் பார்க்கலாம்; நேரத்தோடு பூட்டுவது அதற்கு முன் கொஞ்சம் ஓய்வெடுக்கத்தான். அங்கே பிள்ளைகளுக்கு வேண்டியது மறுநாள் காலைத் தூக்கம். இரவில் இரண்டு மணித்தியாலம் விட்டுக்கொடுத்துவிட்டு, “காலை ஏழு மணிக்கு நில்” என்று சொல்லும் முதலாளி ஒன்றும் கொடுக்கவில்லை. 90 நிமிட ஆட்டம், இடைவேளை, வீணான நேரத்துக்குச் சேர்க்கும் நிமிடங்கள் எல்லாம் கூட்டினால் சாதாரணமாக முடியவே அதிகாலை இரண்டரை ஆகும். இறுதிப்போட்டியின் இடைவேளையில் கலைநிகழ்ச்சியும் வைக்கிறார்கள், அது வேறு. 2022இல் போல மேலதிக 30 நிமிடமும் தண்ட உதைகளும் வந்தால் மூன்றரை என்று வையுங்கள்.

உள்ளூர்ப் போட்டி வேறு விதம். கழகங்களின் இறுதியாட்டம் பெரும்பாலும் பின்னேரம் நான்கு மணியளவில், அல்லது மின்னொளியில் இரவில். அதற்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கடையில் அரிசி மூட்டை தூக்கும் பிள்ளையே கோல்காப்பாளராக இருப்பான். அவனுக்கு இரண்டு மணிக்கே விடுதலை வேண்டும், மூன்றரைக்கு அல்ல.

படி 2: யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள்

எல்லாருக்கும் உதைபந்தாட்டம் பைத்தியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கடையில் ஆறு பேரில் மூன்று பேர் உண்மையாகப் பார்ப்பவர்கள். ஒருவன் நண்பர்களோடு கத்துவதற்காகப் பார்ப்பவன். கணக்கெழுதும் பிள்ளைக்குப் போட்டியில் ஒரு துளி ஆர்வமும் இல்லை. ஆனால் நேரத்தோடு பூட்டினால் தருமபுரத்துக்கு இருட்ட முன் பஸ் பிடித்துவிடலாம் என்பதில் அவளுக்கு இருந்த மகிழ்ச்சி மற்ற மூவரின் மகிழ்ச்சியைவிடப் பெரிது. ஆறாவது ஆள் வயதானவர். “எனக்கு அன்றைய மேலதிக நேரக் காசு போய்விடுமே” என்றார். அது நியாயமான கவலை. தனித்தனியாகக் கேட்டால்தான் இதெல்லாம் வெளியே வரும். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வைத்துக் கேட்டால் உரத்த குரல் உள்ளவனின் பதில் ஆறு பேருக்கும் பதிலாகிவிடும்.

பார்க்காதவர்களை “நீ கடையைப் பார்த்துக்கொள்” என்று நிறுத்திவைப்பது மோசமான வழி. பெரும்பாலும் அந்தப் பொறுப்பு பெண்பிள்ளைகள் தலையில்தான் விழும்.

படி 3: உங்கள் கடை பூட்டக்கூடிய கடையா?

பாமசி வைத்திருப்பவர்கள் இந்த வழிகாட்டியை இத்துடன் நிறுத்தலாம். காய்ச்சலுக்கு மருந்து தேடி வருபவருக்கு யார் கோல் அடித்தது என்பது ஒரு சமாதானமாகாது. ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்துங்கள். எரிபொருள் நிரப்பு நிலையமும் அப்படித்தான்.

உரம், கிருமிநாசினி, இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கடைகளுக்கு நாட்காட்டி முக்கியம். ஜூலையும் ஓகஸ்டும் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக அறுவடைக் காலம். அறுவடை இயந்திரத்தின் பெல்ட் அறுந்தால் விவசாயி ஞாயிறு என்றும் பார்க்க மாட்டான், இறுதிப்போட்டி என்றும் பார்க்க மாட்டான். வெட்டுக்கு நின்ற வயலில் ஒரு மழை இறங்கினால் அவனுடைய ஆறு மாதக் கடன் அங்கே கிடக்கும். கதவில் ஒரு தொலைபேசி இலக்கம் எழுதிவையுங்கள், அழைத்தால் யாராவது வந்து திறக்கட்டும். டிசம்பரில் நடந்த 2022 போட்டிக்கு இந்தக் கவலை இல்லை. காலபோகப் பயிர் வயலில் நின்றது.

வெதுப்பகக்காரர்களைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. நமக்கு நள்ளிரவு என்றால் தூக்கம், அவர்களுக்கு அதுதான் வேலை நேரம். மா குழைத்துப் பொங்கவைத்து, அதிகாலையில் போறணையிலிருந்து பாணை இறக்க வேண்டும். 12.30 போட்டி என்றால் வேலையின் நட்டநடுவில் விழுகிறது. மா குழைப்பதை இரண்டு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பாண் பொங்கும் நேரத்தை ஆட்டத்தின் முதற்பாதியோடு பொருத்தினால் ஓரளவு சமாளிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் போறணைப் பக்கம் சின்னத் தொலைக்காட்சி ஒன்றை வையுங்கள். மாத்தூள் படாத உயரத்தில்.

சாப்பாட்டுக்கடை, தேநீர்க்கடைக்காரர்களுக்கு இது வியாபார இரவு, அவர்கள் பூட்டச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கொத்து அடிக்கும் மேசையைத் திரை தெரியும் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

படி 4: பணக் கணக்கு

பயப்படுகிற அளவுக்கு இழப்பு இல்லை என்பது போட்டுப் பார்த்தால் தெரியும். கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் பற்றுச்சீட்டுகளை எடுங்கள். மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையே எவ்வளவு விற்றது? ஒரு கணக்குக்கு 40,000 ரூபா என்று வைப்போம். பலசரக்கில் நூற்றுக்குப் பத்து நின்றால் பெரிய காரியம், ஆக இலாபம் 4,000. சீனியும் மாவும் வாங்க வந்தவர் கடை பூட்டியிருந்தால் வாங்காமல் விடமாட்டார். முற்கூட்டியே தெரிந்தால் ஐந்து மணிக்கு வருவார், இல்லையென்றால் மறுநாள் வருவார். அந்த 4,000இல் பாதிக்கு மேல் திரும்பிவிடும். உண்மையாகப் போவது சிகரெட், சோடா, பிஸ்கட் போன்ற போகிற போக்கில் விற்பவை. அதுவும் போட்டி இரவில் தேநீர்க்கடைக்குத்தான் போயிருக்கும்.

இதோடு பிழையாக நிறுத்த பருப்பையும் குறைந்த 3,400 ரூபாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பளத்தில் வெட்டாதீர்கள். பூட்டுவது உங்கள் முடிவு, அவர்கள் கேட்ட லீவு அல்ல. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். “இன்றைக்கு விட்ட இரண்டு மணித்தியாலத்தை நாளைக்குச் சும்மா நின்று தா” என்று கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால், அந்த இரண்டு மணித்தியாலத்தை யார் யாருக்குக் கடன் பட்டிருக்கிறார்கள் என்றே எனக்குச் சந்தேகம் வருகிறது. மேலதிக நேரக் காசை எதிர்பார்த்திருந்த அந்த வயதானவருக்கு வேறொரு நாளில் நேரம் கொடுத்தேன். ஒரு நிமிடப் பேச்சில் தீர்ந்தது.

படி 5: பக்கத்துக் கடைகளோடு பேசுங்கள்

ஒரு வீதியில் நான்கு கடைகள் பூட்டினால் ஐந்தாவது கடைக்காரன் அந்த இரவு ராஜா. இது எல்லாருக்கும் தெரிவதால்தான் ஒருவரும் முதலில் பூட்டுவதில்லை. இரண்டு கிழமைக்கு முன்பே, தேநீர் குடிக்கும்போது பேச்சைத் தொடங்குங்கள். முடிந்தால் வர்த்தகர் சங்கத்தின் ஊடாக ஒரு நேரத்தை ஒத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒருவர் ஏய்ப்பார். ஒருமுறை எங்கள் வரிசையில் ஒருவர் எல்லாரோடும் சேர்ந்து “சரி அண்ணை, ஏழு மணி” என்று தலையாட்டிவிட்டு, ஷட்டரை முழங்கால் உயரத்தில் நிறுத்தி ஒன்பது வரை வியாபாரம் செய்தார். குனிந்து குனிந்து போய் வந்தவர்களின் முதுகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவருக்காக உங்கள் முடிவை மாற்ற வேண்டாம். மேலே போட்ட கணக்கின்படி அவர் பிடித்தது பெரிய மீன் அல்ல.

படி 6: அறிவித்தல்

நம் ஊரில் கடைகள் ஒருசேரப் பூட்டிக் கிடந்தால் ஒன்று ஹர்த்தால், இல்லையென்றால் துக்கம். இந்த மண்ணில் பூட்டிய ஷட்டருக்கு மகிழ்ச்சியான காரணம் இருந்ததாக யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். ஆகவே “தவிர்க்க முடியாத காரணத்தினால்” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நான் எழுதினேன். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டு இரவு முழுக்கத் தொலைபேசி. முறிப்பில் இருக்கும் என் பெரியம்மா ஓட்டோ பிடித்து வந்தே விட்டார்.

காரணத்தை வெளிப்படையாக எழுதுங்கள். இப்படி:

“19.07.2026 ஞாயிறு மாலை 6.00 மணிக்குக் கடை பூட்டப்படும். 20.07.2026 திங்கள் காலை 10.00 மணிக்குத் திறக்கப்படும். எங்கள் ஊழியர்கள் உலகக்கிண்ண இறுதிப்போட்டி பார்க்கிறார்கள். பால்மா, எரிவாயு தேவையானவர்கள் ஞாயிறு 5 மணிக்கு முன் பெற்றுக்கொள்ளவும். திங்கள் காலைப் பாண், கடை வாசலில் 6.30 முதல் கிடைக்கும்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுள்ள வீட்டில் திங்கட்கிழமை காலை பாண் இல்லையென்றால் தாய்மாரின் கோபம் ஒரு மாதம் நிற்கும். போட்டி பார்க்காத ஒருவரை (எங்கள் கடையில் அது நான்) ஒரு மேசையோடு வாசலில் இருத்தினால் போதும்.

ஐந்து நாளுக்கு முன் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள், ஷட்டரில் அல்ல. ஷட்டரில் ஒட்டினால் பூட்டிய பிறகுதான் தெரியும். உள்ளூர் வட்ஸ்அப் குழுவில் ஒருமுறை போடுங்கள். வட்ஸ்அப் இல்லாத கடன்கொப்பி வாடிக்கையாளர்களுக்கு வாயால் சொல்லுங்கள். அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமிருந்து கிழமைக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து சாமான் கட்டிக்கொண்டு போகிறவர்கள் பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த கிழமை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். திங்கள் காலை வரும் விநியோக லொறிகளுக்கும் சீட்டுக்காசு சேர்க்க வருபவருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

படி 7: பூட்டும் அரை மணித்தியாலம்

ஆறு மணி என்று எழுதினால் ஐந்தரைக்குப் பூட்டும் வேலை தொடங்க வேண்டும். வெளியே வைத்த வாளி, விளக்குமாறு, வெங்காய மூட்டை முதலில் உள்ளே. பிறகு ஒரு ஷட்டரை இறக்குங்கள். அதைக் கண்டதும் சனம் விளங்கிக்கொள்ளும். ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நீளப் பட்டியலோடு ஒருவர் வருவார். எப்போதும் வருவார். “ஐயா, பட்டியலைத் தாருங்கள், திங்கள் காலை கட்டி வைக்கிறோம்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். அவசரமானதை மட்டும் கையில் கொடுங்கள்.

அவசரத்தில் பூட்டும்போது தவறுவது மின்சாரம். 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை இரவில் தீப்பற்றிக் கடைகள் வரிசையாகச் சாம்பலானதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குத் தனி இணைப்பு இருந்தால் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிரதான ஆளியிலேயே நிறுத்துங்கள். சாமிப்படத்துக்கு முன்னால் எரியும் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள், பிள்ளையார் கோபிக்க மாட்டார். இந்தப் பொறுப்பு ஒருவர் கையில் இருக்கட்டும். ஆறு பேர் பொறுப்பு என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள்.

லாச்சியில் காசு வைக்காதீர்கள். நீங்கள் ஒட்டிய அறிவித்தலைத் திருடனும் வாசிப்பான்.

படி 8: எங்கே பார்ப்பது?

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது. 1998இல் பிரான்ஸ் 3–0 என்று பிரேசிலை வென்றதை என் தந்தை மறுநாள் இரவு அப்படித்தான் கேட்டார். மிதித்தவர் களைத்தால் செய்தி இழுபடும். இன்று திரைக்குக் குறைவில்லை. சேர்ந்து பார்க்கத்தான் இடம் வேண்டும்.

கடைக்குள்ளேயே பார்ப்பதென்றால் சாமான் அறையைத் துப்புரவாக்கி, சாக்கு விரித்தால் போதும். செய்மதி வழி வரும் ஒளிபரப்பைவிட இணைய ஒளிபரப்பு அரை நிமிடமளவுக்குப் பிந்தும். பக்கத்து வீட்டில் செய்மதி, உங்களிடம் கைத்தொலைபேசி என்றால் ஒவ்வொரு கோலும் உங்களுக்குப் பழைய செய்தி. எந்த அலைவரிசையில் வருகிறது, உங்கள் இணைப்பில் அது இருக்கிறதா என்பதை முதல் சுற்றுப் போட்டிகளின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இறுதிநாள் மாலை காசு கட்ட ஓடாதீர்கள். மின்பிறப்பாக்கி இருந்தால் எண்ணெய் ஊற்றி ஒருமுறை இயக்கிப் பாருங்கள், ஆனால் அதை வெளியேதான் வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் அதன் புகை ஆளைக் கொல்லும்.

வீதியில் திரை கட்டிப் பெரிதாகச் செய்ய ஆசைப்பட்டால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். டிக்கெட் போட்டுக் காட்டுவதென்றால் ஒளிபரப்பு உரிமை உள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். ஒரு கடைக்கு அந்த அலுப்பு எதற்கு? முறிகண்டிக் கச்சான் இரண்டு கிலோ, ரோல்ஸ், இஞ்சி போட்ட தேநீர். செலவு கடையுடையது. பந்தயம் கட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். திங்கட்கிழமை தராசுக்கும் கல்லாவுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லாமல் போகும்.

படி 9: வீடு போய்ச் சேருதல்

எனக்கு மிகவும் பயம் தரும் படி இதுதான். அதிகாலை மூன்று மணிக்கு, தூக்கக் கண்ணோடு, ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக ஏ9 வீதியில் போகப் பார்ப்பார்கள். பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, வீதியில் படுத்திருக்கும் மாடு, கொழும்பிலிருந்து பறந்துவரும் சொகுசு பஸ் எல்லாம் அந்த நேரத்தில்தான் உண்டு. ஒட்டுசுட்டான், துணுக்காய், மாங்குளத்து உள்வீதிகளில் யானை. யானைக்கு யார் வென்றது என்பது முக்கியமல்ல.

தூரத்துப் பிள்ளைகளைக் கடையிலேயே படுக்க வையுங்கள். பாயும் நுளம்புவலையும் மாலையிலேயே ஆயத்தமாக இருக்கட்டும். அவர்கள் வீட்டுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள். “முதலாளி சொன்னார்” என்று பிள்ளை சொல்வதைவிட முதலாளி சொல்வது தாய்க்கு நிம்மதி. பெண்பிள்ளைகள் ஆறு மணிக்கே வீடு போய்விடுவதால் அவர்கள் போட்டியைத் தங்கள் வீட்டில் பார்க்கட்டும். கச்சானில் அவர்களின் பங்கை அப்போதே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

படி 10: மறுநாள்

பத்து மணி என்றால் பத்து மணி. ஒன்பதரைக்கு “ஒருக்கால் வந்துவிட்டுப் போ” என்று ஒருவரையும் அழைக்காதீர்கள். தோற்ற அணியின் ஆதரவாளனை அன்று கல்லாவில் இருத்தவும் வேண்டாம். அவன் மூட்டை தூக்கட்டும்.

மாலையில் ஒரு கொப்பியில் ஐந்து வரி எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு உண்மையில் பூட்டினோம், ஞாயிறு பிற்பகல் எவ்வளவு விற்றது, திங்கள் எவ்வளவு, யார் முறைப்பாடு சொன்னார்கள், எதை மறந்தோம். 2030 உலகக்கிண்ணத்தின் பெரும்பகுதி ஸ்பெயின், போர்த்துக்கல், மொரோக்கோ ஆகிய நாடுகளில். கோடைகாலத்தில் ஸ்பெயினில் மாலை ஆறு என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. அப்படி ஒரு நேரத்தில் ஆட்டம் வந்தால் பாயும் நுளம்புவலையும் தேவைப்படாது, கடையை எட்டுக்குப் பூட்டினால் போதும்.